தாளில் அடங்காத பாட்டு: 'ஸ்டேர்வே டு ஹெவன்' – உருவாக்கமும் மரபும்

முன்னுரை

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டு வெகுமக்கள் இசையில் மிகப் பரவலாகக் கேட்கப்பட்ட பாடல்களுள் ஒன்று 'ஸ்டேர்வே டு ஹெவன்'. வானகத்திற்கு ஏறும் படிக்கட்டு என்பது இத்தலைப்பின் பொருளாகும். லெட் செப்பலின் என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழு 1970–71 ஆண்டுகளில் இதனை உருவாக்கி, 1971 நவம்பர் 8 அன்று வெளிவந்த தனது நான்காம் இசைத்தொகுப்பில் இடம்பெறச் செய்தது. கித்தார்க் கலைஞர் ஜிம்மி பேஜ் இசையமைப்பாளராகவும், பாடகர் ராபர்ட் பிளாண்ட் பாடலாசிரியராகவும் அறியப்படுகின்றனர்.

இப்பாடல் ஏட்டில் எழுதி இசையமைக்கப்பட்ட பாடலன்று. ஒலிநாடாத் துண்டுகள், நினைவு, ஒத்திகை, உடனடிப் புனைவு ஆகியவற்றின் வழியே உருப்பெற்றது. அவ்வாறு உருப்பெற்ற ஒன்று, பிற்காலத்தில் இருமுறை விசாரணைக்கு உள்ளாயிற்று. 1982-இல் அதன் மறைபொருள் விசாரிக்கப்பட்டது. 2014 முதல் 2020 வரை அதன் உரிமை விசாரிக்கப்பட்டது. இரண்டாவது விசாரணையில் பாடலின் ஒலியைவிட, ஒரு தாளில் எழுதப்பட்டிருந்த குறிப்பே முடிவைத் தீர்மானித்தது. செவிவழிப் படைப்பை எழுத்தின் அளவுகோலால் அளக்கும்போது எது கிடைக்கிறது, எது விடுபடுகிறது என்னும் வினாவை முன்வைத்து, இப்பாடலின் உருவாக்கத்தையும் மரபையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வகைமை

ஆங்கிலத்தில் 'பாலட்' எனப்படுவதைத் தமிழ் நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் கதைப்பாடல் எனக் குறிப்பர். ராக் இசை வழக்கில் இச்சொல்லின் பொருள் மாறியுள்ளது. அங்கு இது மெல்லத் தொடங்கி உணர்ச்சியில் உயர்ந்து செல்லும் மென்னடைப் பாடலைக் குறிக்கும். கதை இருந்தாக வேண்டும் என்பதில்லை.

'ஸ்டேர்வே டு ஹெவன்' இவ்விரு பொருள்களுக்கும் இடையில் நிற்கிறது. பாடல் ஒரு பெண்ணைப் பற்றிய கூற்றாகத் தொடங்குகிறது. செல்வத்தால் எதனையும், வானகத்தையுங்கூட, அடைந்துவிடலாம் என நம்புபவள் அவள். இத்தொடக்கம் ஒரு கதைப்பாடலுக்கு உரியது. ஆனால் அவளுக்கு என்ன நேர்ந்தது என்பது சொல்லப்படுவதில்லை. கதை மெல்ல விலக, ஓடை, பறவை, காடு, குழலூதுபவன், மே மாத விழாவின் அரசி எனப் படிமங்கள் அடுத்தடுத்து வருகின்றன. கதைமாந்தரைச் சுட்டிய படர்க்கைக் கூற்று தன்மையாகவும் முன்னிலையாகவும் மாறுகிறது. கதையாகத் தொடங்கி வழிகாட்டும் உரையாக முடியும் இவ்வமைப்பே பாடலின் மறைபொருள் தன்மைக்கு அடிப்படை எனலாம்.

பாடல் பிறந்த சூழல்

லெட் செப்பலின் 1968-இல் லண்டனில் தொடங்கப்பட்டது. பேஜ், பிளாண்ட் ஆகியோருடன் பேஸ் கித்தாரும் விசைக்கருவிகளும் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ், டிரம்ஸ் கலைஞர் ஜான் பானம் ஆகிய நால்வரே இக்குழுவினர். 1970-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்திற்குப் பின்னர், பேஜும் பிளாண்டும் வேல்ஸ் நாட்டில் 'பிரான்-இர்-ஆர்' என்னும் மலைக்குடிலில் தங்கினர். மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத அக்குடிலில் மின்பெருக்கிகளுக்கு இடமில்லை. மின்னிணைப்பற்ற கித்தாரை மையமாகக் கொண்ட பாடல்கள் பல அங்கே உருப்பெற்றன.

இப்பாடல் தோன்றிய இடம் குறித்து இருவேறு செய்திகள் உள்ளன. பேஜின் பழைய நேர்காணல்கள் முதற்பகுதி இக்குடிலில் பிறந்ததாகக் கூறுகின்றன. 2016-ஆம் ஆண்டு வழக்கில் அளிக்கப்பட்ட சாட்சியமோ ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்னும் இல்லத்தையே முதன்மைப்படுத்தியது. எழுத்துப்படிகள் இருந்திருப்பின் இம்முரண் எழுந்திராது. பேஜ் எழுத்துப்படிகளை அன்றி, கேசட் பதிவுக்கருவியையே உடன் வைத்திருந்தார். தோன்றிய துண்டுகளை ஒலிநாடாவில் பதித்து, பின்னர் அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பது அவர் முறை. இப்பாடலும் தனித்தனியே தோன்றிய இசைத்துண்டுகள் நெடுநாள் முயற்சியால் ஒன்றாக்கப்பட்டதன் விளைவேயாகும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏழையர் இல்லமாகக் கட்டப்பட்ட ஹெட்லி கிரேஞ்சில் குழுவினர் தங்கி ஒத்திகை பார்த்தபோது பாடல் முழுமை பெற்றது. மற்றவர்கள் இசையைப் பழகிக்கொண்டிருக்க, பிளாண்ட் கணப்படுப்பின் அருகில் அமர்ந்து சொற்களை எழுதினார். பாடற்பகுதியில் பெரும்பங்கு அவ்விடத்திலேயே அப்பொழுதே அமைந்தது என்பது பேஜின் கூற்று. அப்போது பிளாண்டின் வயது 22.

பாடலின் பதிவு 1970 டிசம்பரில் லண்டன் பேசிங் தெருவில் இருந்த ஐலண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடங்கி 1971-இல் நிறைவுற்றது. ஒலிப்பொறியாளராகப் பணியாற்றியவர் ஆண்டி ஜான்ஸ். இறுதிப் பகுதியில் வரும் புகழ்பெற்ற கித்தார்த் தனிவாசிப்பும் முன்கூட்டி எழுதப்பட்டதன்று. பேஜ் அதனை மூன்று முறை வெவ்வேறு வகையாக வாசித்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது, நண்பர் ஜெஃப் பெக் அளித்த 1959-ஆம் ஆண்டின் ஃபெண்டர் டெலிகாஸ்டர் கித்தார்.

இசைக் கட்டமைப்பு

பாடலின் நீளம் 8 நிமிடம் 2 நொடி. அக்காலத்து வானொலிகள் பெரிதும் மூன்று, நான்கு நிமிடப் பாடல்களையே விரும்பின என்பதை நோக்க இது மிகுதியான நீளமாகும். பல்லவி திரும்பத் திரும்ப வரும் வழக்கமான அமைப்பு இதில் இல்லை. மாறாக, பாடல் ஒரே திசையில் படிப்படியாக வளர்ந்து செல்கிறது.

முதற்பகுதியில் மின்னிணைப்பற்ற கித்தார் மட்டும் ஒலிக்கிறது. அதனுடன் ஜோன்ஸ் வாசித்த ரெக்கார்டர் என்னும் மரக்குழல்கள் பல அடுக்குகளாக இணைகின்றன. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால இசையை நினைவூட்டும் இக்குழலோசை, கேட்போரைப் பழங்காலத்திற்கு அழைத்துச் செல்கிறது. அடுத்து மின்கித்தாரும் மின்பியானோவும் சேர்கின்றன. டிரம்ஸ் நான்கு நிமிடங்களுக்குப் பின்னரே நுழைகிறது. ஏறத்தாழ ஆறாம் நிமிடத்தில் தனிவாசிப்பு தொடங்க, குரல் உச்சத்திற்குச் செல்கிறது. இறுதியில் கருவிகள் யாவும் ஓய, துணையற்ற குரலில் தலைப்புச் சொற்களுடன் பாடல் முடிகிறது.

பாடல் நெடுகிலும் வேகம் கூடிக்கொண்டே போவது மற்றொரு சிறப்பு. லெட் செப்பலினுக்கு முன் பேஜ் பல ஆண்டுகள் பிறருடைய பதிவுகளுக்குக் கித்தார் வாசிக்கும் ஒலிப்பதிவுக் கூடக் கலைஞராக இருந்தவர். அத்தொழிலில் தாளம் விரையக் கூடாது என்பது முதல் விதி. அதனை வேண்டுமென்றே மீறியதாகப் பேஜ் பிற்காலத்தில் விளக்கியுள்ளார். தலைப்பு சுட்டும் ஏற்றம் இவ்வாறு ஒலியின் அடர்த்தியிலும் வேகத்திலும் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. இவ்வேற்றம் தாளில் எழுதப்பட்ட சுரக்குறிப்பில் ஓரளவே தெரியும். கேட்கும்போதுதான் முழுமையாக விளங்கும்.

தொடக்கக் கித்தார்ப் பகுதியின் கீழ்க்குரல் 'ஏ மைனர்' என்னும் அடிப்படையில் நின்று அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கி வருகிறது. இந்த இறங்குவரிசையே பின்னர் வழக்கின் மையமாயிற்று என்பதால் இங்குக் குறிக்கத்தக்கது.

பாடற்பொருளும் மறைபொருளும்

இப்பாடலின் பொருள் இன்னதென அறுதியிட்டவர் எவருமில்லர். தன் உந்துதல்களுள் ஒன்றாகப் பிளாண்ட் சுட்டியது, ஸ்காட்லாந்து நாட்டார் வழக்காற்று எழுத்தாளர் லூயிஸ் ஸ்பென்ஸ் எழுதி 1945-இல் வெளிவந்த, கெல்டிக் பிரிட்டனின் மந்திரக் கலைகள் பற்றிய நூல். குழலூதுபவன், விழா அரசி, காடு ஆகிய படிமங்கள் கிறித்தவத்திற்கு முற்பட்ட பிரித்தானிய நம்பிக்கைகளையும் மே முதல்நாள் விழா வழக்கங்களையும் நினைவூட்டுகின்றன. ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் புனைகதைகளில் பிளாண்டுக்கு இருந்த ஈடுபாடு குழுவின் பிற பாடல்களில் வெளிப்படையாகவே காணப்படுகிறது. எனினும், இப்பாடல் எந்த ஒரு மூலக்கதையையும் மீட்டுரைப்பதில்லை. பல மரபுகளின் சின்னங்கள் தம் கதைகளிலிருந்து பிரிக்கப்பட்டு இங்கு அருகருகே வைக்கப்பட்டுள்ளன.

சொற்களுக்கு இரு பொருள் உண்டு என்பதைப் பாடலே ஓரிடத்தில் சுட்டுவது கவனிக்கத்தக்கது. கேட்போர் தாமே பொருள் தேடவேண்டும் என்னும் குறிப்பு பாடலுக்குள்ளேயே அமைந்துள்ளது. கனடா நாட்டு இசையியலாளர் சூசன் ஃபாஸ்ட் 2001-இல் வெளியிட்ட ஆய்வுநூலில் லெட் செப்பலின் பாடல்களைத் தொன்மம், சடங்கு ஆகிய நோக்குகளில் ஆராய்ந்தார். எரிக் டேவிஸ் 2005-இல் இத்தொகுப்பு குறித்துத் தனிநூலே எழுதினார். இசைத்தட்டின் உறையும் மறைபொருளைத் தூண்டியது. அதில் குழுவின் பெயரோ தொகுப்பின் தலைப்போ இல்லை. நால்வரையும் குறிக்க நான்கு சின்னங்கள் மட்டுமே இருந்தன. தொகுப்பில் உள்ள பாடல்களுள் 'ஸ்டேர்வே டு ஹெவன்' வரிகள் மட்டுமே உள்ளுறையில் அச்சிடப்பட்டன. பாடுபவை என்பதற்கு மேலாக, படித்துப் பொருள் காண வேண்டியவை அவை என்னும் எண்ணத்தை இது கேட்போரிடம் விதைத்தது.

முன்னட்டையில் விறகுச் சுமையுடன் நிற்கும் முதியவரின் படம் அரை நூற்றாண்டுக் காலம் பல விளக்கங்களுக்கு இடமளித்தது. 2023-இல் மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் பிரையன் எட்வர்ட்ஸ், அது எர்னெஸ்ட் ஃபார்மர் என்பவர் 1892-இல் எடுத்த புகைப்படத்தின் வண்ணமூட்டிய படி எனக் கண்டறிந்தார். படத்தில் இருந்தவர் வில்ட்ஷயர் பகுதியைச் சேர்ந்த கூரை வேய்பவர். மந்திரவாதி என்றும் துறவி என்றும் எண்ணப்பட்டவர் ஓர் உழைப்பாளியே என்பது, பொருளில் ஒரு பகுதி கேட்போரால் ஏற்றப்படுவது என்பதற்கு நல்ல சான்றாகும்.

வெளியீடும் பரவலும்

பாடல் பதிவுத்தட்டாக வருவதற்கு முன்பே, 1971 மார்ச் 5 அன்று பெல்ஃபாஸ்ட் நகரின் அல்ஸ்டர் அரங்கில் முதன்முதலாகப் பாடப்பட்டது. தெரிந்த பாடல்களை எதிர்பார்த்து வந்திருந்த அவையினர் அன்று இதனைப் பெரிதாக வரவேற்கவில்லை என ஜோன்ஸ் நினைவுகூர்ந்துள்ளார்.

அட்லாண்டிக் நிறுவனம் இப்பாடலைத் தனித்தட்டாக வெளியிட விரும்பியது. குழுவின் மேலாளர் பீட்டர் கிராண்ட் இணங்கவில்லை. தனித்தட்டு எனில் பாடலைச் சுருக்க நேரும் என்பதும், முழுத்தொகுப்பையே மக்கள் வாங்க வேண்டும் என்பதும் இம்மறுப்பின் பின்னணி. வானொலி நிலையங்களுக்கு மட்டும் விளம்பரத் தட்டுகள் அனுப்பப்பட்டன. அமெரிக்கப் பண்பலை வானொலிகள் 1970களில் நீண்ட பாடல்களையும் முழுமையாக ஒலிபரப்பின. நேயர் விருப்பமாக மிகுதியும் கேட்கப்பட்ட பாடலாக இது வளர்ந்தது. தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 2 கோடிக்கு மேற்பட்ட படிகளுக்கான விற்பனைச் சான்று பெற்றுள்ளது.

கித்தார் பயிலும் இளைஞர் முதலில் கற்கும் இசைத்துண்டுகளுள் ஒன்றாகத் தொடக்கப் பகுதி மாறியது. இசைக்கருவிக் கடைகளில் அதனை வாசிக்கத் தடை என்னும் நகைச்சுவை 1992-இல் வெளிவந்த 'வேய்ன்ஸ் வேர்ல்ட்' திரைப்படத்தில் இடம்பெறும் அளவிற்கு இவ்வழக்கம் பரவியிருந்தது. செவியால் கேட்டு, விரலால் பழகி, ஒருவரிடமிருந்து மற்றொருவர் கற்கும் முறையிலேயே பாடல் பெரிதும் கைமாறியது. நாட்டுப்புற இராகப்பாணியில் பாடும் டாலி பார்ட்டன் 2002-இல் பாடியதும், மெக்சிகோவைச் சேர்ந்த ரோட்ரிகோ–காப்ரியேலா இணையர் 2006-இல் இரு கித்தார்களால் வாசித்ததும், வேறுபட்ட மரபினர் இதனைத் தமதாக்கிக் கொண்டதைக் காட்டும்.

முதல் விசாரணை: தலைகீழ்க் கேட்பு

பொருள் வரையறுக்கப்படாத பாடலில் எப்பொருளையும் காணலாம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிறித்தவ வானொலி, தொலைக்காட்சிப் பரப்புரையாளர் சிலர் இப்பாடலின் நடுப்பகுதியைத் தலைகீழாக ஓட்டினால் சாத்தானைப் போற்றும் சொற்கள் கேட்பதாகக் கூறினர். அலெஸ்டர் குரோலி என்னும் மந்திர மறைஞானியின் எழுத்துகளில் பேஜ் ஈடுபாடு கொண்டிருந்ததும், குரோலி வாழ்ந்த ஸ்காட்லாந்து வீட்டை அவர் வாங்கியிருந்ததும் இக்குற்றச்சாட்டுக்கு வலுவூட்டின. 1982 ஏப்ரலில் கலிஃபோர்னியா மாநிலச் சட்டமன்றக் குழுவொன்றின் அமர்வில் பாடல் தலைகீழாக ஒலிக்கச் செய்யப்பட்டது. இத்தகைய தட்டுகளில் எச்சரிக்கை வாசகம் பொறிக்க வேண்டும் என்னும் சட்ட முன்வரைவை ஒட்டியே இது நிகழ்ந்தது.

கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் வோக்கியும் டான் ரீடும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடையளித்தது. தலைகீழாக ஒலிக்கும் பேச்சிலிருந்து கேட்போர் பொருளை அறிய இயலவில்லை. ஆனால் இன்ன சொற்றொடர் வரும் என முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அதனைக் கேட்டதாகவே அவர்கள் உணர்ந்தனர். கேட்பு என்பது எதிர்பார்ப்பால் வடிவமைக்கப்படுகிறது என்பதே இவ்வாய்வின் பயன். மறைபொருளைத் தேடியவர்கள் தாம் கொண்டுவந்த பொருளையே பாடலில் கண்டெடுத்தனர்.

இரண்டாம் விசாரணை: 'டாரஸ்' வழக்கு

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஸ்பிரிட் என்னும் இசைக்குழு 1968-இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் 'டாரஸ்' என்னும் குரலற்ற இசைத்துண்டு உள்ளது. அதனை இயற்றியவர் ராண்டி கலிஃபோர்னியா என அறியப்பட்ட ராண்டி வுல்ஃப். அப்போது அவர் பதின்பருவத்தினர். அதில் ஒலிக்கும் கித்தார்ப் பகுதிக்கும் 'ஸ்டேர்வே டு ஹெவன்' தொடக்கத்திற்கும் உள்ள ஒற்றுமை கேட்போர் பலராலும் சுட்டப்பட்டது. 1968 டிசம்பர் 26 அன்று டென்வர் நகரில் லெட் செப்பலின் தன் முதல் அமெரிக்க நிகழ்ச்சியை வழங்கியபோது அதே மேடையில் ஸ்பிரிட் குழுவும் வாசித்தது. ஸ்பிரிட்டின் மற்றொரு பாடலை லெட் செப்பலின் தொடக்ககால மேடைகளில் வாசித்ததும் உண்டு.

1997 ஜனவரி 2 அன்று ஹவாய்த் தீவுகளில், கடலில் சிக்கிய தன் மகனைக் காப்பாற்றும் முயற்சியில் கலிஃபோர்னியா உயிரிழந்தார். தன் இசை எடுத்தாளப்பட்டது என்னும் மனக்குறையை அவர் நேர்காணலில் வெளியிட்டிருந்தாரேயன்றி, வழக்குத் தொடரவில்லை. 2014-இல் அவர் பெயரிலான அறக்கட்டளையின் பொறுப்பாளர் மைக்கேல் ஸ்கிட்மோர் வழக்குத் தொடுத்தார். காலந்தாழ்ந்த பதிப்புரிமை வழக்குகளுக்கு வழிவிட்ட அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதே ஆண்டில்தான் வெளிவந்திருந்தது.

2016 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்தில் பேஜும் பிளாண்டும் நேரில் சாட்சியமளித்தனர். ஸ்பிரிட்டின் தொகுப்பு தன் சேகரிப்பில் இருப்பதை ஒப்புக்கொண்ட பேஜ், 'டாரஸ்' இசையை அண்மைக்காலம் வரை கேட்டதாக நினைவில்லை என்றார். எதிர்த்தரப்பு இசையியல் வல்லுநர் லாரன்ஸ் ஃபெராரா, அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும் வரிசை முந்நூறு ஆண்டுகளாகப் பொதுவழக்கில் இருப்பதைச் சுட்டினார். 17ஆம் நூற்றாண்டில் ஹென்றி பர்செல் இயற்றிய இசைநாடகத்தில் டைடோ அரசியின் புலம்பல் இத்தகைய இறங்குவரிசையின் மீதே அமைந்துள்ளதை இசை பயின்றோர் அறிவர்.

ஜூன் 23 அன்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. 'டாரஸ்' இசையைக் கேட்கும் வாய்ப்பு பேஜுக்கும் பிளாண்டுக்கும் இருந்தது என அக்குழு ஏற்றது. ஆயினும் இரண்டிற்கும் இடையே சட்டம் கோரும் அளவிலான ஒற்றுமை இல்லை என முடிவுசெய்தது. 2018 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. 2020 மார்ச் 9 அன்று அதே நீதிமன்றத்தின் பதினொருவர் அமர்வு முதல் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுக்க, வழக்கு முடிவுற்றது.

தாளும் ஒலியும்

இவ்வழக்கின் மிக முக்கியமான கூறு, நடுவர் குழுவினர் எதனை ஒப்பிட்டனர் என்பதாகும். 'டாரஸ்' 1967-இல் பதிப்புரிமைப் பதிவு பெற்றது. அக்காலத்திற்குப் பொருந்தும் 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளியிடப்படாத இசைக்கு உரிமை பெற, அதன் எழுத்துப்படி அரசு அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். அவ்வாறு ஒப்படைக்கப்பட்டது ஒரே பக்கம் கொண்ட இசைக்குறிப்பு. உரிமையின் எல்லை அத்தாளில் உள்ளவற்றோடு முடிகிறது என நீதிமன்றம் கொண்டது. ஆகவே ஸ்பிரிட் குழு வாசித்துப் பதிந்த ஒலித்தட்டை நடுவர்கள் ஒப்பீட்டிற்காகக் கேட்க இயலவில்லை. தாளில் உள்ளவாறு பிறர் வாசித்துக் காட்டியதையே கேட்டனர். ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிப் பதிப்புரிமை 1972 பிப்ரவரி 15 முதலே கிடைத்தது என்பதையும் இங்கு இணைத்து நோக்குதல் வேண்டும்.

பேஜ் அந்த இசையைக் கேட்டிருந்தால், தாளைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒலித்தட்டு வழியாகவோ மேடையிலோதான் கேட்டிருப்பார். எடுத்தாளல் நிகழ்ந்திருப்பின் அது ஒலியிலிருந்து ஒலிக்கு நிகழ்ந்ததாகும். அதனை ஆராய்ந்த நீதிமன்றமோ தாளை அளவுகோலாகக் கொண்டது. ஒலிநிறம், மீட்டும் முறை, வேகம், இடைவெளி ஆகியன செவிவழி மரபில் ஒரு படைப்பின் அடையாளங்கள். அவை யாவும் அளவைக்கு வெளியே நின்றன.

இதனால் தீர்ப்பு தவறு என்று கொள்ள வேண்டியதில்லை. இறங்குவரிசை எவர்க்கும் தனியுரிமை ஆகாத பொதுச்சொத்து. அதனை ஒருவர் பெயரில் அடைத்தால் இசைமரபே முடங்கும். 2015-இல் மார்வின் கே குடும்பத்தினர் வென்ற வழக்கிற்குப் பின்னர் இசையமைப்பாளரிடையே இவ்வச்சம் பரவியிருந்தது. 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதனைக் குறைத்தது. அத்தீர்ப்பு வந்த சில நாள்களில் பாடகி கேட்டி பெர்ரிக்கு எதிரான தீர்ப்பு நீக்கப்பட்டபோது இத்தீர்ப்பும் மேற்கோளாகக் காட்டப்பட்டது.

ஆயினும் நன்றிக்கடன் என்னும் வினா எஞ்சுகிறது. லெட் செப்பலின் வரலாற்றில் அது புதியதன்று. 'ஹோல் லாட்டா லவ்' பாடலில் வில்லி டிக்சனின் வரிகள் எடுத்தாளப்பட்டமை தொடர்பான வழக்கு 1987-இல் உடன்பாட்டில் முடிந்து, அவர் பெயர் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. 'பேப் ஐம் கோனா லீவ் யூ' பாடலை இயற்றிய ஆன் பிரெடன் 1990-இல்தான் உரிய இடம் பெற்றார். 'டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு' பாடலின் மூலவர் ஜேக் ஹோம்ஸ் 2010-இல் வழக்குத் தொடுத்த பின்னரே அவர் பெயர் ஏற்கப்பட்டது. கறுப்பின ப்ளூஸ் கலைஞரும் நாட்டுப்புறப் பாடகரும் பொதுமரபு என்னும் பெயரால் மறைக்கப்பட்ட வரலாறும் இதனுள் உண்டு. பொதுமரபு என்பது உண்மையே. ஆனால் அதனைச் சுட்டி வருவாய் ஈட்டுவோர் எப்போதும் வலியவராகவே இருந்துள்ளனர்.

முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் தமிழிலக்கண மரபின் பாகுபாடு இங்குச் சிந்தனைக்குரியது. வழிநூல் என்பது அங்குக் குற்றமன்று. ஆனால் முன்னோர் நூலின் வழிப்பட்டது என்னும் ஒப்புதலே அதன் இலக்கணம். படியெடுத்தலா தனிப்படைப்பா என்னும் வினாவோடு நின்ற இவ்வழக்கில், ஒப்புதலுடன் கூடிய வழிப்படைப்பு என்னும் மூன்றாம் நிலைக்கு இடம் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் தரப்பு முதன்மையாகக் கோரியவற்றுள் அவர் பெயரும் படைப்பாளர் வரிசையில் இடம்பெற வேண்டும் என்பதும் ஒன்று. தாள் தந்த விடையில் அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

படைத்தோரும் பாடலும்

பாடல் வளர வளர அதன் ஆசிரியர் விலகிச் சென்றார். 1980 செப்டம்பர் 25 அன்று ஜான் பானம் இறக்க, குழு கலைந்தது. அதன் பின்னர் 1985-ஆம் ஆண்டு 'லைவ் எய்டு', 1988-ஆம் ஆண்டு அட்லாண்டிக் நிறுவனத்தின் 40-ஆம் ஆண்டு விழா, 2007 டிசம்பரில் லண்டன் நிகழ்ச்சி எனச் சில மேடைகளிலேயே பிளாண்ட் இதனைப் பாடினார். இளமையில் எழுதிய அச்சொற்களோடு தன்னால் இப்போது ஒன்ற முடியவில்லை எனப் பலமுறை கூறியுள்ளார். பேஜோ இதனைக் குழுவின் சாதனைச் சுருக்கமாகவே கருதினார்.

2012 டிசம்பரில் வாஷிங்டனில் கென்னடி மைய விருது விழாவில், குழுவினர் அவையில் அமர்ந்திருக்க, ஆன் வில்சனும் நான்சி வில்சனும் இப்பாடலைப் பாடினர். பானமின் மகன் ஜேசன் டிரம்ஸ் வாசித்தார். பெருங்குழுவினர் உடன் பாடினர். பிளாண்டின் கண்கள் கலங்கியதைத் தொலைக்காட்சி வழி பலர் கண்டனர். தான் பாட மறுத்த பாடலைப் பிறர் வாயிலாகக் கேட்டபோது அவர் கேட்போருள் ஒருவரானார். 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் நடைபெற்ற ஓர் அறக்கொடை நிகழ்ச்சியில், 2007-க்குப் பின் முதன்முறையாகப் பிளாண்ட் இதனை மீண்டும் பாடினார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

'ஸ்டேர்வே டு ஹெவன்' ஒலிநாடா, நினைவு, ஒத்திகை, உடனடிப் புனைவு ஆகியவற்றால் உருவான செவிவழிப் படைப்பு. அதன் தோற்றம் குறித்த முரண்பட்ட செய்திகளும் இத்தன்மையின் விளைவே.

அதன் மறைபொருள், கதையை முடிக்காமல் விட்டுப் படிமங்களை அருகருகே வைக்கும் அமைப்பிலிருந்து பிறக்கிறது. அந்தத் திறந்தநிலையே ஆழ்ந்த ஈடுபாட்டிற்கும், 1982-இல் எழுந்த அச்சத்திற்கும் ஒருங்கே காரணமாயிற்று.

'டாரஸ்' வழக்கு, பொதுமரபைத் தனியுரிமையாக்காமல் காத்தது. அதே வேளையில் ஒலியைத் தாளால் அளந்ததால், கடன்பட்டமை என்னும் அறவினாவைத் தீர்க்காமல் விட்டது.

2023-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காக்கப்பட வேண்டிய தேசிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பதிவைச் சேர்த்தது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் இந்நூலகத்தின் ஒரு பிரிவேயாகும். 1967-இல் 'டாரஸ்' இசைக்குறிப்பு ஒப்படைக்கப்பட்டதும் இவ்வலுவலகத்தில்தான். ஒரே நிறுவனத்தில் ஒன்று ஒலியாகவும் மற்றொன்று ஒற்றைத் தாளாகவும் நிலைபெற்றுள்ளன. செவிவழி மரபுகளை ஆவணப்படுத்துவோர், எழுத்தோடு ஒலியையும், ஒலியோடு அதனைத் தந்தவர் பெயரையும் சேர்த்தே காக்க வேண்டும் என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.